லைட் போட்டால்தான் பாட்டு!

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தபடி நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் ஊசி போகவிருந்த நேரம்.

"ஆ... ஓ... ஊ..." என்றார்.

முதலில் போனை எடுங்கள் டாக்டர் என்று அர்த்தம். ஊரில் எத்தனையோ ரவுடிகளைக் கதற வைத்த மனிதருக்கு ஊசி என்றால் உள்ளங்கை வியர்த்துவிடும்!

பல் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

"அம்மா... நான் டயர்க்கடைக்காரன் பேசறேன். உங்க தம்பி ஷெட்டுக்குப் பக்கத்துக் கடை..."

"சொல்லுங்க, என்ன விஷயம்?"

"ஷெட்டுக்குள்ள ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடிட்டே இருந்துச்சும்மா. தட்டினேன், திறக்கல. பின்பக்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன்..."

குரல் உடைந்தது.

"தம்பி காருக்குள்ள சாய்ஞ்சு கிடக்கார்மா! கூப்பிட்டா அசையல! உள்ள ஒரே புகை!"

ஊசித் தட்டு தரையில் விழுந்து சிதறியது.

* * *

ஜீப் போய்ச் சேர்ந்தபோது தெருவே அங்கே கூடியிருந்தது.

டயர்க்கடைக்காரர் கடப்பாரையால் ஷட்டரை நெம்பித் திறந்து, தம்பியை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். யாரோ துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அவள் மண்டியிட்டு நாடியைப் பிடித்தாள். இல்லை.

கழுத்தில் தேடினாள். அங்கேயும் இல்லை.

"டேய்... எந்திரிடா... அக்கா வந்திருக்கேன்டா..."

அப்பா அம்மா போன பிறகு அவள் ஊட்டி, அவள் குளிப்பாட்டி, அவள் பள்ளிக்கூடத்தில் சேர்த்து வளர்த்த பிள்ளை. வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவன். எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறவன். அவள் வாய்விட்டுக் கதறினாள்.

ஷெட்டுக்குள் கார் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் யாரும் அதை நிறுத்தவில்லை. பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பாட்டு ஓடுகிறது...

லைட்?

இருட்டு ஷெட்டுக்குள் காரின் முன்விளக்கு இரண்டும் அணைந்து கிடந்தன. பின்னால் சிவப்பும் இல்லை!

அழுகை சட்டென்று நின்றது.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சாவியைத் திருகினார். எஞ்சின் நின்றது. அதோடு பாட்டும் நின்றது.

"ரெண்டும் ஒண்ணா நின்னுச்சு..." என்று முணுமுணுத்தாள்.

"என்ன டாக்டர்?"

"ஒண்ணுமில்ல சார்."

* * *

அந்தப் பாட்டுப் பெட்டியின் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் என் சட்டையைப் பிடிப்பீர்கள்!

சில மாதங்களுக்கு முன்னால் தம்பி ஒரு தட்டையான பெட்டி வாங்கினான். சீட்டுக்கு அடியில் வைப்பது. போனில் இருக்கும் பாட்டைக் கார் ஸ்பீக்கரில் முழக்கும். போன் வந்தால் அதே ஸ்பீக்கரில் பேசலாம். அதற்கென்று டாஷ்போர்டில் குண்டூசித் தலை மாதிரி ஒரு மைக்.

பெட்டியைக் காரின் ஸ்பீக்கர்களோடு அவனே சேர்த்துவிட்டான். பாக்கி ஒன்றே ஒன்று.

பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

இதற்கு ஊரிலேயே பெரிய கெட்டிக்காரர் அவன் வீட்டிலேயே இருந்தார். அக்கா புருஷன்! கார் ஸ்டீரியோக் கடை வைத்திருப்பவர். சொந்தப் பெயரை ஊர் மறந்து, 'ஸ்டீரியோ' என்றே கூப்பிட்டது.

ஸ்டீரியோவுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவன் போட்ட ஒயர் ஜாயின்ட்டைப் பார்த்தால் கை அரிக்கும். பிரித்து, திருத்தி, தன் பாணியில் டேப் சுற்றினால்தான் தூக்கம் வரும். சோற்றில் கை வைத்தாலும் இதே வேதம்தான்.

"லைட் ஒயர்ல கரண்ட் எடுப்பான் அரைவேக்காடு. பேட்டரியிலிருந்து நேரா வர்ற டைரக்ட் ஒயர்ல எடுப்பான் முழு முட்டாள்! சாவியை உருவினாலும் பெட்டி முழிச்சுட்டே இருக்கும், பேட்டரியை ஒட்டக் குடிச்சுடும். சாவி போட்டா வரணும், சாவி எடுத்தா போகணும். சாவி ஒயர்தான் சுத்தம். என் கடையில எவனாவது டைரக்ட்ல கொடுத்தான்னா கையை ஒடிப்பேன்!"

இந்த வாய்க்குப் பயந்துதான் தம்பி தானே முயன்றான். ஒரு மத்தியானம் கிளினிக் வாசலில் ஹாரன் அடித்தான்.

"அக்கா! கண்டுபிடிச்சுட்டேன்! பாட்டு வருது பாரு!"

"சந்தோஷம். பட்டப்பகல்ல எதுக்குடா லைட்டைப் போட்டுட்டு வந்திருக்க?"

தலையைச் சொறிந்தான்.

"அது... லைட் போட்டாத்தான் பாட்டு வருது. தெரியாம பார்க்கிங் லைட் ஒயர்ல கொடுத்துட்டேன்."

"மாமாகிட்ட காட்ட வேண்டியதுதானே?"

"ஐயையோ! அவருக்குத் தெரிஞ்சா என் பேரனுக்குப் பேரன் காலம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு!"

சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தாள்.

ஆக, லைட் போட்டால்தான் பாட்டு. இந்த ரகசியம் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் இப்போது வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தான்.

* * *

"மச்சான்! ஏன்டா இப்படிப் பண்ணிட்ட? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஸ்டீரியோ ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மனைவியைத் தோளோடு அணைத்துக்கொண்டான். பார்த்தவர்கள் எல்லாரும் 'மனுஷன்னா இவன் மனுஷன்' என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"ஷட்டர் உள்ளே தாழ் போட்டிருந்துச்சு. பின்கதவு பூட்டு இழுத்துச் சாத்தினா தானா விழுற ரகம். அதுவும் பூட்டித்தான் இருந்துச்சு. காருக்குள்ள தூக்க மாத்திரை அட்டை. டீயில கலந்து குடிச்சிருக்கார், எஞ்சினை ஓட விட்டிருக்கார், பிடிச்ச பாட்டைப் போட்டிருக்கார்..."

"நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னு போனதை அவனால தாங்க முடியல சார்" என்றான் ஸ்டீரியோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உள்ளுக்குள்ளேயே வெச்சுப் புழுங்கிட்டான்."

"அவன் ஒண்ணும் புழுங்கல" என்றாள் அவள்.

"விடும்மா... உனக்கு எப்படித் தெரியும்? ஆம்பளைங்க வெளிய காட்டிக்க மாட்டாங்க."

அவள் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் லைட் எரியாத கார் பாடியது.

* * *

எல்லாம் முடிந்து, கேஸையும் மூடி, கார்ச்சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கிளினிக்குக்குப் போக வேண்டியவள் ஷெட்டுக்குப் போனாள். பையில் ஒரு டார்ச். கூடவே, கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தைப் பார்க்கிற, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி.

சாவியை ஒரு சுற்றுத் திருப்பினாள். லைட்டைத் தொடவில்லை.

பாட்டுப் பெட்டியின் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது!

"லைட் இல்லாமலே கரண்ட் வருது... எவன்டா மாத்தினது?"

ஸ்டீரியோ செட்டுக்கு அடியில் இருக்கும் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒயர்கள் குடல் மாதிரி சுருண்டு கிடந்தன. தலையை நுழைக்க இடமில்லை. கண்ணாடியை நுழைத்தாள். சொத்தை தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தேடினாள்.

பார்க்கிங் லைட் ஒயரில் தம்பியின் பழைய ஜாயின்ட் பிரிக்கப்பட்டிருந்தது. அவன் அவசரமாகக் கடித்துத் துண்டித்த டேப் அப்படியே தொங்கியது. அவன் பல் தடம்கூட இருந்தது. அந்தப் பல்லுக்கெல்லாம் டாக்டர் அவள்தான்!

அழுகையை விழுங்கிக்கொண்டு, பெட்டியின் ஒயரைப் பின்தொடர்ந்தாள். அது சாவி ஒயரில் போய்ச் சேர்ந்திருந்தது. புத்தம்புது ஜாயின்ட்.

கண்ணாடியைத் திருப்பினாள்.

கறுப்பு டேப். அழகாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், இறுக்கமான சுற்று. நடுவில் மோதிரம் போட்ட மாதிரி ஒரே ஒரு சுற்று சிவப்பு டேப்.

கண்ணாடி அவள் கையிலிருந்து நழுவியது.

அந்தச் சிவப்பு மோதிரத்தை அவளுக்குத் தெரியும்! அவள் வீட்டு மிக்ஸி ஒயரில் இருக்கிறது. படுக்கையறை விளக்கில் இருக்கிறது. ஏன், இன்ஸ்பெக்டர் படுத்துக் கிடந்தாரே, அந்த நாற்காலி ஒயரிலேயே இருக்கிறது!

அவள் புருஷனின் கைவேலை!

ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் அழுது தீர்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். கண் காய்ந்திருந்தது.

"உன்னை விட மாட்டேன்டா" என்றாள், காலி காரிடம். "வேரோட பிடுங்குவேன்."

* * *

"ஒரு ஜாயின்ட்டை வெச்சுக்கிட்டு கோர்ட் படி ஏற முடியாது டாக்டர்."

இன்ஸ்பெக்டர் போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு பக்கக் கன்னம் நன்றாக வீங்கியிருந்தது.

"மச்சான் காரை மாமன்காரன் ரிப்பேர் பண்றது குத்தமா? போன மாசமே மாத்திக் கொடுத்தேன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவான்."

"போன மாசம் இல்ல சார். செத்ததுக்கு முந்தின நாள்கூட லைட்டைப் போட்டுட்டுத்தான் பாட்டு கேட்டுட்டு வந்தான்."

"அதுக்கு நீங்க மட்டும்தான் சாட்சி. தம்பியைப் பறிகொடுத்த அக்கா. வக்கீல் உங்களைப் பிச்சு உதறிடுவான். காரணம் வேற தெரியல. அவன் எதுக்கு மச்சானைக் கொல்லணும்?"

"அதை அவனே சொல்லுவான்."

"எப்படிச் சொல்லுவான்? அவன் வாயைத் திறக்கணுமே!"

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இன்ஸ்பெக்டருக்குப் பல்வலி ஒரு நிமிஷம் மறந்து போனது.

"வாயைத் திறக்க வைக்கிறதுதானே சார் என் தொழில்?"

அன்று மாலை அவள் ஷெட்டில் ஒரு வேலை செய்தாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் டார்ச் பிடித்தார். சிவப்பு மோதிர ஜாயின்ட்டை வெட்டி எடுத்தாள். என்ன செய்தாள் அதற்குப் பிறகு?

கொஞ்சம் பொறுங்கள். எனக்கே இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது!

* * *

சில நாட்கள் கழித்து, ஒரு மத்தியானம்.

"ஏங்க... தம்பி காரை வித்துடலாம்னு இருக்கேன். வாங்க வர்றவர் பாட்டு கேட்கணும்கிறார். பெட்டி பாடவே மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?"

"அதுக்கென்ன, வர்றேன்."

ஸ்டீரியோ பை நிறைய சாமான்களோடு வந்தான். ஷட்டரை இறக்கி, உள்ளே தாழ் போட்டான்.

"எதுக்குங்க தாழ்?"

"பக்கத்து டயர்க்கடைக்காரன் வந்து கழுத்தறுப்பான். வேலை ஓடாது."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். அவள் பக்கத்து சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன.

சாவியைத் திருப்பினான். டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிந்தன.

"பேட்டரி வீக்கா இருக்கே..."

"ஓட்டாம நிக்குதில்ல..."

"ம்ம்." டாஷ்போர்டில் பாட்டுப் பட்டனை அமுக்கினான். பாட்டு வரவில்லை. புருவத்தைச் சுருக்கினான். "சாவி போட்டா வரணுமே... பெட்டி சாவி ஒயர்லதானே இருக்கு?"

தவளை தன் வாயால் கெட்டது!

அவள் மெல்லத் திரும்பினாள்.

"மூடியை நீங்க இன்னும் கழட்டவே இல்லையே. எந்த ஒயர்ல இருக்குன்னு எப்படித் தெரியும்?"

ஒரு கணம் தடுமாறினான். ஒரே கணம்தான்.

"எல்லாரும் அங்கதான் கொடுப்பாங்க. இது ஒரு கேள்வியா?"

"என் தம்பி அங்க கொடுக்கல. லைட் ஒயர்ல கொடுத்திருந்தான். லைட் போட்டாத்தான் பாட்டு வரும். உங்க கிண்டலுக்குப் பயந்துக்கிட்டு உங்ககிட்ட மட்டும் மறைச்சான். அவன் செத்த அன்னிக்கு லைட் எரியல... பாட்டு மட்டும் ஓடுச்சு."

கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். குழந்தைகளுக்குப் பிடுங்கிய பல்லைப் போட்டுக் கொடுக்கிற டப்பா. மூடியைத் திறந்தாள்.

உள்ளே, வெட்டி எடுத்த ஒயர். சிவப்பு மோதிரம்!

"இது யார் போட்ட மோதிரம்?"

ஸ்டீரியோவின் முகம் மாறியது. இத்தனை வருடம் போட்டிருந்த நல்லவன் வேஷம் ஒரே நொடியில் கழன்று விழுந்தது. சாவியை உருவிப் பைக்குள் போட்டான். அவள் கைப்பையைப் பிடுங்கித் துழாவினான்.

"போன் எங்க?"

"வீட்ல. சார்ஜ்ல."

குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தான். பெட்டியின் பச்சை விளக்கு எரியவில்லை. டாஷ்போர்டு மைக்கை விரலால் சுண்டிவிட்டுச் சிரித்தான்.

"மைக் வேலை செய்யும்னு நினைச்சியா? சாவி என் பையில. ஒயரை நீயே வெட்டி டப்பாவுல வெச்சிருக்க. பெட்டி செத்துப்போச்சு! யாருகிட்ட வித்தை காட்டற? ஸ்டீரியோகிட்டயேவா?"

"யாருக்கும் கேட்காதுங்கிறீங்களா?"

"கேட்காது."

"அப்ப எனக்கு மட்டும் சொல்லுங்க. அவன் என்ன பண்ணான் உங்களை? மாமா மாமான்னு சுத்தி வந்தானே!"

ஸ்டீரியோ சீட்டில் சாய்ந்தான். இத்தனை நாள் பேச ஆளில்லாமல் தவித்தவன் மாதிரி இருந்தது அவன் மூச்சு.

"எல்லாம் இந்தப் பெட்டியாலதான்! ஒரு தடவை சாயங்காலம் இந்தக் கார்ல வந்தப்ப என் போனை இதோட சேர்த்துப் பாட்டு கேட்டேன். சேர்ந்தது சேர்ந்ததுதான், கார் பக்கத்துல வந்தாலே என் போன் தானா இதோட ஒட்டிக்குது. அப்புறம் ஒரு நாள் இருட்டுற நேரம். கடைக்குள்ள நின்னு ஒருத்தி கூடப் பேசிட்டிருக்கேன்..."

"எவகூட?"

"நான் கட்டிக்கப் போறவகூட. 'கவலைப்படாதே, பல் டாக்டரை இந்த வருஷத்துக்குள்ள பிடுங்கிப் போட்டுடறேன், ஊருக்கு ஆக்சிடென்ட்டாத் தெரியும்'னு சொல்றேன்... திடீர்னு அவ குரல் என் போன்ல இல்ல! எங்கடா போச்சுன்னு வெளிய பார்த்தா... வாசல்ல உன் தம்பி கார். லைட் எரியுது. கண்ணாடிக்குப் பின்னாடி அவன் மூஞ்சி. பேய் அறைஞ்ச மாதிரி."

அவள் டப்பாவை மூடினாள். மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"மறுநாள் போன் பண்ணான். 'மாமா, அக்கா தாங்காது. நீங்களே பிரிஞ்சு போயிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போகலைன்னா சொல்லிடுவேன்'னான். முட்டாப் பய... எனக்கு டைம் கொடுத்தான்!"

"கொடுத்த டைம்ல நீங்க டீயில மாத்திரை கலந்தீங்க."

"ஆமா, கலந்தேன். 'மன்னிச்சுக்கோ மச்சான், போயிடறேன்'னு சொல்லிக் கையில கொடுத்தேன். நம்பிக் குடிச்சான். தூங்கினதும் எஞ்சினைப் போட்டேன். எஞ்சின் சத்தம் டயர்க்கடைக்குக் கேட்கக் கூடாதுன்னு பாட்டு போடப் பார்த்தா... வரல. மூடியைத் திறந்தா... சீ! லைட் ஒயர்ல கொடுத்து, டேப்பைப் பல்லால கடிச்சுத் துப்பி வெச்சிருக்கான். அதைப் பார்த்துட்டு எப்படி விட்டுட்டுப் போறது? மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு மாத்திக் கொடுத்துட்டுத்தான் போனேன்."

"லைட் சுவிட்சைத் திருப்பியிருந்தாலே பாட்டு வந்திருக்கும்."

"வந்திருக்கும்..."

"யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. நானும்தான். நீ தப்பிச்சிருப்படா!"

நீ!

கல்யாணம் ஆன நாளிலிருந்து 'நீங்க'வைத் தாண்டாத வாயிலிருந்து வந்த முதல் 'நீ'. கூடவே ஒரு 'டா'. அறைந்த மாதிரி விழித்தான்.

"சாகற என் தம்பி பக்கத்துல கிடக்கிறான்... உனக்கு அவன் ஜாயின்ட் சரியில்லைங்கிறதுதான் பெருசாப் போச்சு! நீ மனுஷனாடா?"

பாய்ந்தான். பையிலிருந்து ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை உருவினான். அவள் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கதவுக்கு மேல் இருக்கும் பிடியோடு கட்டி, சர்ரக்கென்று இழுத்தான். கத்தியவளின் வாயைப் பொத்தினான்.

கடித்தாள்!

பல் டாக்டருக்கு எந்தப் பல் எவ்வளவு இறங்கும் என்று தெரியாதா? ரத்தம் வழிந்தது.

"ஐயோ!" கையை உதறினான். "கடி... நல்லாக் கடி! கொஞ்ச நேரத்துல நீயும் தூங்கிடுவ. தம்பி செத்த துக்கம் தாங்காம அதே கார்ல அக்காவும் போயிட்டான்னு ஊர் அழும். நானும் அழுவேன்!"

சாவியைச் செருகினான். முழுதாகத் திருப்பினான்.

டக்.

மறுபடி திருப்பினான்.

டக்... டக்...

எஞ்சின் அசையவே இல்லை!

"என்ன எழவு இது?" சாவியை வெளியே உருவி, அதைக் குற்றவாளி மாதிரி முறைத்தான்.

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"பேட்டரி போச்சுடா. உன் வேதத்தைக் கேட்டுச் செத்த பேட்டரி!"

அவன் வாய் திறக்கும் முன்னால்...

"திரும்பத் திரும்ப முறுக்காதீங்க ஸ்டீரியோ... பேட்டரி பாவம்!"

பேசியது அவள் இல்லை.

கார் ஸ்பீக்கர்!

ஸ்டீரியோ கையிலிருந்த சாவியைப் பார்த்தான். ஸ்பீக்கரைப் பார்த்தான். மறுபடி சாவியைப் பார்த்தான். சாவி கையில்... கார் பேசுகிறது!

"சா... சாவி வெளிய இருக்கு... எப்படி..."

"வெட்டின ஒயரைக் காட்டினேனே, வெட்டினதை எங்க கொண்டுபோய்ச் சேர்த்தேன்னு கேட்டியாடா?" அவள் ஒவ்வொரு வார்த்தையாகக் கடித்துத் துப்பினாள். "டைரக்ட் ஒயர்ல கொடுத்தேன்! சாவியை எடுத்தாலும் பெட்டி முழிச்சுட்டே இருக்கும். பச்சை விளக்கு மேல பல் அடைக்கிற சிமென்ட்டை அப்பினதால உனக்குத்தான் தெரியல. என் போன் அந்த ஜன்னல்ல, ஆயில் டின்னுக்குப் பின்னாடி, இந்தப் பெட்டியோட சேர்ந்து இருக்கு. நீ பேசினது அத்தனையும் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போயிருக்கு!"

"டைரக்ட்ல... கொடுத்தா... பேட்டரி..."

"ஒட்டக் குடிச்சுடும். அதுக்குத்தான் கொடுத்தேன். ராத்திரி பகலா இத்தனை நாள் குடிச்சிருக்கு. எஞ்சினைச் சுத்த அதுல தெம்பில்ல. ஒரு பெட்டி பேச வேணுங்கிற அளவுக்கு இருக்கு. என் தம்பியைக் கொன்ன புகை என்னைக் கொல்லக் கூடாதில்ல?"

அந்தத் தொழிலில் முழு முட்டாள் மட்டும் செய்கிற தப்பு. அப்படி ஒருத்தி வேண்டுமென்றே செய்வாள் என்று அவன் மூளைக்கு எட்டவே இல்லை. முதல் தடவை, தப்பாக இருந்ததைத் திருத்தி மாட்டிக்கொண்டான். இரண்டாவது தடவை, தப்பாக இருக்காது என்று நம்பி மாட்டிக்கொண்டான்!

ஷட்டர் அலறியது. டயர்க்கடைக்காரரின் கடப்பாரைக்கு இது இரண்டாவது வேலை. தாழ் தெறித்து, வெயில் உள்ளே பாய்ந்தது.

ஸ்டீரியோ கதவைத் திறந்து பின்கதவுக்கு ஓடினான். இழுத்துச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும் அந்தக் கதவுக்கு வெளியே, இரண்டு கான்ஸ்டபிள்கள் சுவரில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார்" என்றார் ஒருவர். "உங்களுக்கும் ரெண்டு மோதிரம் வெச்சிருக்கோம்."

கைவிலங்கு கிளிக்கென்று பூட்டிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் கட்டை அறுத்துவிட்டார். அவள் இறங்கி நேராக ஸ்டீரியோவின் முன்னால் போய் நின்றாள்.

"சாப்பாட்டுல மாத்திரை கலக்க எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. எத்தனையோ தடவை கை அது வரைக்கும் போச்சு. ஆனா நீ ஒரே நாள்ல செத்துட்டா என் வயித்தெரிச்சல் அடங்காதுடா. நீ உயிரோட இருக்கணும். ஜெயில்ல ஒவ்வொரு நாளும், லைட் போடற நேரம் வரும்போதெல்லாம், என் தம்பி ஞாபகம் உனக்கு வரணும்!"

அவன் தலை குனிந்தான். ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவள் திரும்பி வந்து காரின் கூரையைத் தடவினாள். தம்பியின் தலையைத் தடவுகிற மாதிரி. "போயிட்டு வாடா" என்றாள் மெதுவாக. அதற்கு மேல் தாங்காமல் உடைந்து அழுதாள். டயர்க்கடைக்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

அழுகை ஓயும்வரை காத்திருந்த இன்ஸ்பெக்டர், தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். கன்னம் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"டாக்டர்... உங்களுக்கு இருக்கிற நிலைமையில இதைக் கேட்கக் கூடாது. போன்ல முனகாம இருக்கிறதுக்குள்ள உயிரே போயிடுச்சு. இப்பவே கிளினிக்குக்குப் போய் என் பல்லைப் பிடுங்கிடலாமா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூரத்தில் திரும்புகிற ஜீப்பைப் பார்த்தாள்.

"நாளைக்கு வாங்க சார்... ஒரு நாளைக்கு ஒரு சொத்தையைத்தான் நான் பிடுங்குவேன்!"